கரைக்குப் பெயர் உண்டு!

மணற்பரப்பு. அதன்மீது நாலைந்து கட்டுமரங்கள். கழிகளிலே காயப்போட்ட வலைகள். பனையோலை வேய்ந்த குடிசைகள். குனியாமல் உள்ளே நுழைய முடியாத அளவுக்குத் தாழ்ந்தவை. முன்னே, இடுப்பில் ஒரு துண்டோடு நிற்கும் ஆடவர் மூவர். கூடை தாங்கிய பெண்ணொருத்தி. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நம்மையே பார்க்கும் சிறுவன் ஒருவன். படத்தின் அடியிலே அச்சிட்ட எழுத்து: “மதராஸ் மீனவர்கள்.”

அவ்வளவுதான்!

வெள்ளையர் ஆட்சிக் காலத்திலே எடுக்கப்பட்ட இத்தகைய நிழற்படங்கள் இலண்டன் நூலகங்களிலே இருக்கின்றன. பழம்பொருள் விற்போரின் பெட்டிகளிலே இருக்கின்றன. அஞ்சல் அட்டைகளாக அச்சேறிக் கடல் கடந்து சென்றவை பல. இன்று கணிப்பொறித் திரையிலே எவரும் அவற்றைக் காணலாம். ஆனால் அந்தக் குடிசைகள் எந்தக் குப்பத்துக் குடிசைகள்? அந்தச் சிறுவன் எந்தக் கரையிலே நின்றான்? எந்த ஆண்டிலே நின்றான்? படம் வாய் திறப்பதில்லை. படம் பிடித்தவரோ, இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதிவைக்க வேண்டுமென்று கருதவே இல்லை.

அதே தொகுப்பிலே அடுத்த படத்தைப் புரட்டிப் பாருங்கள், தோழர்களே! “மாநிலக் கல்லூரி” என்று பெயர் எழுதியிருக்கும். அக்கட்டடம் எழுந்து முடிந்தது 1870-இல். “செனட் மாளிகை” என்று எழுதியிருக்கும். அது 1879-இல் முடிந்தது. இரண்டையும் வரைந்தவர் இராபர்ட் சிசோம் என்பது வரை ஏடுகள் எடுத்துரைக்கும். செங்கல்லுக்குப் பெயர் உண்டு. சுண்ணாம்புக்கு வரலாறு உண்டு. கட்டடத்துக்கு எதிரே மணலிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவனுக்கு மட்டும் ஊர் இல்லை, தெரு இல்லை, ஆண்டு இல்லை!

சென்னையின் கடற்கரையிலே, இன்றைய கலங்கரை விளக்கத்துக்கும் சாந்தோமுக்கும் இடையிலே இருக்கிறது நொச்சிக்குப்பம். அதன் வடக்கே நடுக்குப்பமும் அயோத்தியாக்குப்பமும். தெற்கே டுமீல்குப்பமும் முள்ளிக்குப்பமும் சீனிவாசபுரமும். அந்தக் கரையின் பழைய படம் எது என்று கண்டறிவது எப்படி? கண்டறிந்து ஆவது என்ன? இவ்விரண்டு கேள்விகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் ஏன் எழுதப்படவில்லை?

மறந்துபோயினர் என்று சொல்லிச் சமாதானம் அடைய இயலாது. 1868 முதல் 1875 வரை, எட்டுத் தொகுதிகளாக, ‘இந்திய மக்கள்’ என்ற பெயரிலே இலண்டனில் ஒரு நூல் வெளிவந்தது. ஃபோர்ப்ஸ் வாட்சன், கே ஆகிய இருவரும் பதிப்பாசிரியர். நூற்றுக்கணக்கான நிழற்படங்கள் அதிலே உண்டு. மனிதர்களை அங்கே மனிதர்களாகக் காட்டவில்லை, ‘வகை’களாகக் காட்டினர். இன்ன சாதி, இன்ன குலம் என்ற தலைப்பே போதும் என்றனர். வகைக்கு முகவரி எதற்கு?

பின்னர் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக வந்தார் எட்கர் தர்ஸ்டன். தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். 1909-இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி நூல் வெளியிட்டார். ரங்காச்சாரி அவருக்குத் துணை நின்றார். அதிலே செய்திகள் நிறைய உண்டு; மறுக்கவில்லை. ஆனால் அளக்கப்பட்ட மனிதன் எந்தக் கரையிலே, எந்தக் குடிசையிலே வாழ்ந்தான் என்பது அளவுகோலின் கவலை அன்று.

ஆய்வாளர் விட்ட இடத்திலே வணிகர் தொடர்ந்தனர். வீலி அண்டு கிளைன் போன்ற சென்னைப் படநிலையங்கள் அஞ்சல் அட்டைகளை விற்றன. வாங்கியவர் கப்பலில் வந்துபோன வெள்ளையர். அவருக்கு வேண்டியது ‘கட்டுமரக்காரன்’ என்ற காட்சி. நொச்சிக்குப்பம் என்ற ஊர் அன்று. எந்தக் கரையிலே எடுத்த படமாயினும் “மெரினா” என்றோ “மதராஸ்” என்றோ பெயரிட்டால் விலைபோயிற்று.

உலகெங்கும் இப்படித்தான் என்று எவரேனும் சொல்லக்கூடும். இல்லை! ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே, ஏழைகள் நெருங்கி வாழ்ந்த சந்துகளை இடித்துத் தள்ள நகர நிர்வாகம் முடிவு செய்தது. இடிக்குமுன் படமெடுத்து வையுங்கள் என்று தாமஸ் ஆனன் என்பவரிடம் பணித்தது. 1868 முதல் 1871 வரை அவர் எடுத்த படங்களுக்கு, இன்ன தெரு, இன்ன எண்ணுள்ள சந்து என்று பெயர் பொறித்தனர். பாரிசு நகரிலே பழைய தெருக்கள் அகற்றப்பட்ட காலத்தில், சார்ல் மார்வில் என்பவரைக் கொண்டு அத்தெருக்களைப் பெயரோடு படமெடுத்து வைத்தனர். அங்கும் ஏழையின் வீடு இடிந்தது. அங்கும் ஏழையின் பெயர் எழுதப்படவில்லை. ஆயினும் தெருவின் பெயராவது எஞ்சிற்று. நம் குப்பங்களுக்கோ அதுவும் மறுக்கப்பட்டது.

மறுத்தவர்கள் போய்விட்டனர். படம் மட்டும் நம் கையிலே இருக்கிறது. பெயரை நாம் எழுத வேண்டாமா?

எழுதலாம். ஆனால் ஆசைப்பட்டு எழுதக்கூடாது; ஆராய்ந்து எழுதவேண்டும்.

கடல் எந்தப் பக்கம்?

முதற் கேள்வி மிக எளிது. சென்னைக்குக் கடல் கிழக்கே. ஆகவே, கரையோரமாக எடுத்த படத்திலே கடல் இடப்பக்கம் தெரிந்தால் படப்பெட்டி தெற்கு நோக்கியது. வலப்பக்கம் தெரிந்தால் வடக்கு நோக்கியது. நிழலையும் பாருங்கள். கரையை நோக்கி நிழல் நீண்டு விழுந்தால் காலை. கடலை நோக்கி விழுந்தால் மாலை. சென்னையிலே ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகற் கதிரவன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். அப்போது நண்பகல் நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களிலே வடக்கே விழும். பள்ளிக்கூடத்துப் பாடம் இது. படத்தின் பருவத்தையே காட்டிக் கொடுத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. அந்நாளிலே கண்ணாடித் தகட்டிலிருந்து படம் அச்சிட்டனர். தகட்டைத் திருப்பி வைத்துவிட்டால் இடம் வலமாகும், வலம் இடமாகும். வடக்கு நோக்கியது தெற்கு நோக்கியதாகத் தோன்றும். ஆகவே படத்திலே ஏதேனும் பெயர்ப்பலகை இருந்தால் எழுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கரையிலே தெரியும் கட்டடங்களின் வரிசை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கடலே இடம் மாறிவிட்டால் மற்றவை எப்படி நிலைக்கும்?

கோபுரம் சொல்லும் காலம்

அடுத்து, பின்னணியிலே என்ன தெரிகிறது? சாந்தோமிலே போர்ச்சுகீசியர் கட்டிய பழைய தேவாலயம் ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு, கூர்மாடத்தோடு இன்றுள்ள கோயிலைக் கட்டினர். 1896-இல் அது திறக்கப்பட்டது. அதன் கோபுரம் ஏறத்தாழ 155 அடி உயரம். இன்றைய கலங்கரை விளக்கம் ஒளிரத் தொடங்கியது 1977 சனவரியில். அதற்கு முந்தைய விளக்கம் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியிலே, 1894 முதல் எரிந்தது.

இந்த இரண்டு ஆண்டுகளைக் கையிலே வைத்துக்கொண்டால் போதும். சாந்தோமை நோக்கிய படத்திலே கூர்மாடம் இல்லையா? 1896-க்கு முன். கூர்மாடம் உண்டு, வடகோடியிலே விளக்கம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறதா? 1896-க்கும் 1977-க்கும் இடையில். இரண்டும் நிற்கின்றனவா? அதற்குப் பின். குடிசைகளுக்கு நடுவே அடுக்குமாடி வீடுகள் எழுந்திருந்தால், 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்ததற்குப் பிற்பட்ட காலம். 1970-களின் தொடக்கத்திலேதான் வாரியத்தின் மாடிவீடுகள் நொச்சிக்குப்பத்திலே எழுந்தன. அவையும் பின்னர் பழுதுற்று, இடிக்கப்பட்டு, புதியவை வந்தன; ஆகவே எந்த வீடு என்பதும் ஒரு காலக்குறிப்பே.

கோபுரத்தை நாம் வணங்கவும் இல்லை, வைதிடவும் இல்லை. அளவுகோலாகக் கொள்கிறோம். வணங்கியவனுக்கும் வைதவனுக்கும் தெரியாத ஒன்றை, அளந்தவனுக்கு அது சொல்லும்!

மணலும் மரமும் வலையும்

சென்னைக் கடற்கரை என்றும் இன்றுபோல் அகன்று கிடந்ததன்று. 1870-களின் நடுவிலே துறைமுகப் பணி தொடங்கிற்று. கடலுக்குள்ளே கல்லைக் கொட்டிக் கரம் நீட்டினர். 1881 நவம்பரிலே புயல் அதனைக் குலைத்தது, மீண்டும் கட்டினர். இந்தக் கரையிலே ஆண்டின் பெரும்பகுதி அலையோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகத்தின் கரம் குறுக்கே நின்றதும், மணல் தெற்கே தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே மணல் சென்று சேரவில்லை. இராயபுரத்துக் கரையைக் கடல் அரித்துத் தின்றது. ஒரே கல்லணை, ஒரு பக்கம் உலாவுமிடம் தந்தது. மறுபக்கம் மீனவன் வீட்டைப் பறித்தது! துறைமுகத்துக்கு அருகே மணல் மிக அகலம். சாந்தோமை நெருங்க நெருங்கக் குறுகும். ஆகவே படத்திலே அலைக்கும் குடிசைக்கும் இடையே கிடக்கும் மணலின் அகலமும் இடத்தையும் காலத்தையும் பேசும்.

கட்டுமரத்தைப் பாருங்கள். மரங்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது அது, ஆணி இல்லை. மசூலா என்று வெள்ளையர் எழுதிய படகோ, பலகைகளைக் கயிற்றால் தைத்தது; அதிலும் ஆணி இல்லை. அலையிலே மோதும்போது வளைந்து கொடுக்கவேண்டும், உடையக்கூடாது என்பதற்காக வகுத்த முறை அது. துறைமுகம் வருமுன், கப்பலிலே வந்த ஆளுநரும் அதிகாரியும் இந்தத் தைத்த படகிலே ஏறித்தான், இந்தக் கரையாரின் துடுப்பை நம்பித்தான், சென்னை மண்ணை மிதித்தனர். இயந்திரம் பூட்டிய படகுகள் பிற்காலத்தவை. கண்ணாடியிழைப் படகுகள் இக்கரையிலே பெருகியது 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்.

வலையையும் விடாதீர்கள். பருத்தி வலை நனைந்தே கிடந்தால் இற்றுப்போகும். நாள்தோறும் கழியிலே விரித்துக் காயவைக்க வேண்டும். நைலான் வலைக்கு அந்தக் கவலை இல்லை. நைலான் வலை தமிழகக் கரைகளிலே பரவத் தொடங்கியது 1950-களின் இறுதிக்குப் பின். படத்திலே கரைநெடுகக் கழிகள் நின்று வலைகள் தொங்கினால், அது பருத்தி வலைக் காலமாக இருக்கக்கூடும். காய்கின்ற வலை அழகுக்காகத் தொங்கவில்லை. அந்த மணல் ஒரு தொழிற்கூடம் என்பதற்குச் சான்றாகத் தொங்குகிறது.

இறுதியாக, அலை. தொடக்க நாளில் படமெடுக்க நெடுநேரம் ஒளியை உள்ளே விடவேண்டும். 1850-களிலே பிரெடரிக் ஃபீபிக் சென்னையைப் படமெடுத்தார். கிழக்கிந்தியக் கும்பினி 1856-இல் அவருடைய படங்களை வாங்கிற்று. அக்காலப் படங்களிலே அலை பஞ்சுப்பொதிபோல் மங்கிக் கிடக்கும். நடந்து சென்றவர் தெரியமாட்டார். அசையாமல் நின்றவரே தெரிவர். 1880-களிலே உலர்தகடு பரவிய பின்னரே, மடங்கி விழும் அலையைக் கணத்திலே பிடிப்பது எளிதாயிற்று. ஆகவே அலை தெளிவாகத் தெரியும் படத்தை 1850-ஐச் சார்ந்தது என்று எவரேனும் சொன்னால், ‘அலையைப் பாரும் ஐயா’ என்று அடக்கமாகச் சொல்லுங்கள்.

ஆய்வாளன் யார்?

இத்தனையும் கேட்டபின், “இது பெரிய படிப்பாளிகளின் வேலை, குப்பத்தானுக்கு என்ன தெரியும்?” என்று ஒருவர் கேட்பார். அவருக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும்.

கடலிலே தெரு இல்லை, கம்பம் இல்லை, எண்ணிட்ட கதவு இல்லை. எந்த இடத்திலே பாறை உண்டு, எந்த இடத்திலே மீன் உண்டு என்று நேற்றுக் கண்ட இடத்தை இன்று மீண்டும் மீனவன் எப்படிக் கண்டுபிடிக்கிறான்? கரையைத் திரும்பிப் பார்க்கிறான். தொலைவிலே ஒரு கோபுரம். அதற்கு முன்னே ஒரு மாளிகையின் மூலை. இரண்டும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும்வரை மரத்தைச் செலுத்துகிறான். வேறு திசையிலே மற்றும் இரண்டு அடையாளங்களைப் பிடிக்கிறான். இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் எதுவோ அதுதான் அவன் தேடிய இடம்! ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை, கருவி இல்லை. கண் உண்டு, கணக்கு உண்டு.

பழைய படத்தை எடுத்தவன் எங்கே நின்றான் என்று கண்டறியும் முறையும் இதுவே. படத்திலே கூர்மாடத்தின் நுனி எந்தக் கட்டடத்தின் மூலைக்கு நேராக நிற்கிறது என்று பார்க்கிறோம். மணலிலே நடக்கிறோம். அவை இரண்டும் அதேபோல் நேர்படும் கோட்டைப் பிடிக்கிறோம். மற்றும் ஓர் இணையைத் தேடிப் பிடிக்கிறோம். கோடுகள் வெட்டுமிடத்திலே, நூறாண்டுக்கு முன் அந்தப் படப்பெட்டி நின்றது. படித்தவர் வடிவக்கணிதம் என்பதை, கடலோடி பிழைப்பாகவே வைத்திருந்தான்! தர்ஸ்டனின் அளவுகோல் அவனுடைய மூக்கை அளந்தது. அவன் கண் அளந்த கடலை அந்த அளவுகோல் அளக்கவில்லை.

ஆகவே, படத்தைக் கையிலே எடுத்துக்கொண்டு குப்பத்துக்குச் செல்லுங்கள். வலை பின்னும் முதியவரிடம் காட்டுங்கள். மீன் விற்கும் மூதாட்டியிடம் காட்டுங்கள். எந்தப் பாடு எந்தக் குடும்பத்தின் வழக்கம், ஏலம் எங்கே நடந்தது, கட்டுமரம் எங்கே ஏறியது என்று அவர்கள் அறிவர். ஒருவர் சொல்வதை மட்டும் கேட்டு முடிவு கட்டாதீர்கள். மூவரிடம் தனித்தனியே கேளுங்கள். மூன்றும் ஒத்தால் எழுதுங்கள். முதியோர் சொல் என்பதற்காகவும் நம்பவேண்டாம். குப்பத்தார் சொல் என்பதற்காகவும் தள்ளவேண்டாம். எவர் வாய்ச் சொல்லாயினும் உரைத்துப் பார்ப்பதுதானே நாம் கற்ற பாடம்?

ஆசை ஒரு பொய்ச் சாட்சி

இங்கே இன்னொரு கண்டிப்பும் தேவை. நமக்குப் பிடித்த ஊர் நொச்சிக்குப்பம் என்பதற்காக, கையில் கிடைத்த கட்டுமரப் படம் அனைத்தையும் நொச்சிக்குப்பம் என்று எழுதிவிடக்கூடாது. படப்பிடிப்பாளர் பலரும் கப்பல் வந்து நின்ற வடபகுதிக் கரையிலே, கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் அருகே, படமெடுத்தனர். கட்டுமரம் இராயபுரத்திலும் உண்டு, நடுக்குப்பத்திலும் உண்டு. கோபுரமும் இல்லை, மாளிகையும் இல்லை, மணலும் மரமும் மட்டுமே என்றால், “சென்னைக் கரை, இடம் உறுதியாகவில்லை” என்று எழுதுவதே நாணயம்.

பெயரும் நம்மை மயக்கும். நொச்சி என்பது ஒரு செடி. பண்டைத் தமிழர் போரிலக்கணத்திலே, மதிலை முற்றுகையிடுவோர் சூடுவது உழிஞை. மதிலைக் காத்து நிற்போர் சூடுவது நொச்சி. தன் மண்ணைக் காத்து நிற்கும் குப்பத்துக்கு நொச்சி என்ற பெயர்! கேட்கவே இனிக்கிறது. ஆனால் இனிப்பு சான்றாகாது. செடி நிறைந்த இடத்துக்குச் செடியின் பெயர் வருவதும் இயல்புதானே? பெயர்ப்பொருத்தம் கண்டு வரலாறு எழுதுவது பழைய புராணிகரின் தொழில். அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? ஒரு படத்துக்குப் பொய்ப்பெயர் எழுதினால், அது வெளிப்படும் நாளிலே உண்மைப் பெயர் எழுதிய பத்துப் படங்களையும் எதிரி தூக்கி எறிவான். இழப்பு நமக்கன்று, அந்தக் கரையில் வாழ்பவனுக்கு.

படத்துக்கும் பானைச்சோற்றுக்கும் என்ன உறவு?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். இடத்தைக் கண்டறிந்து ஆவது என்ன?

1985-ஆம் ஆண்டு. மெரினாவை அழகுபடுத்தவேண்டும் என்றனர். கட்டுமரமும் வலையும் அழகுக்குக் குறுக்கே நிற்கின்றன என்று அகற்ற முற்பட்டனர். மீனவர் மறுத்தனர். துப்பாக்கி வெடித்தது, உழைத்துண்ட மனிதர் மணலிலே மாண்டனர். அஞ்சலட்டையிலே கட்டுமரம் இருந்தால் அழகு; அதே கட்டுமரம் கண்ணெதிரே மணலில் கிடந்தால் அலங்கோலமா?

2004-இல் ஆழிப்பேரலை வந்தது. சென்னைக் கரையோரக் குடும்பங்கள் பலவற்றைச் செம்மஞ்சேரிக்குக் கொண்டுபோய்க் குடியேற்றினர். கடலோடியைக் கடலிலிருந்து காப்பாற்றுகிறோம் என்றனர். கடலையே அவனிடமிருந்து எடுத்துவிட்டால், எஞ்சிய உயிரை அவன் எதைக்கொண்டு காப்பாற்றுவான்?

2023 ஏப்ரலில், குப்பத்தை ஒட்டிச் செல்லும் மெரினா இணைப்புச் சாலையிலே மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடையூறு என்ற வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. பெண்கள் சாலையிலே அமர்ந்தனர். எங்கள் குப்பத்துக்குள் சாலை வந்ததா, சாலைக்குள் எங்கள் குப்பம் வந்ததா என்பதே அவர்களுடைய கேள்வி. 2024 ஆகஸ்டிலே 366 கடைகள் கொண்ட புதிய மீன் அங்காடி அங்கே திறக்கப்பட்டது. அங்காடி வந்தது நன்று. ஆயினும் முன்பு எழுந்த கேள்வி சாகவில்லை: இங்கே முன்னவர் யார்?

அரசுக் கணக்கிலே கடற்கரை புறம்போக்கு. பட்டா இல்லை, பத்திரம் இல்லை. வலை காய்ந்த இடத்துக்கு யார் பட்டா எழுதுவார்? மரம் ஏறிய மணலுக்கு யார் பத்திரம் பதிவார்? 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர் ஊர்களையும், அவர்களுடைய பொதுநிலங்களையும், மீன் காயவைக்கும் இடங்களையும் வரைபடத்திலே குறிக்கவேண்டும், அவர்களுடைய நெடுங்கால வீட்டுத் தேவைக்குத் திட்டம் வகுக்கவேண்டும் என்று பணித்தது. குறிக்கவேண்டுமானால் எது பொதுநிலம் என்று காட்டவேண்டும். எதைக் காட்டுவது?

இங்கேதான் அந்தப் பழைய படம் எழுந்து நிற்கிறது! “மதராஸ் மீனவர்கள்” என்று மட்டும் எழுதிய படம் பொழுதுபோக்கு. “நொச்சிக்குப்பம், கலங்கரை விளக்கம் எழுமுன், பருத்தி வலை காயும் களம், கட்டுமரம் ஏற்றும் துறை” என்று சான்றோடு எழுதிய படம் ஆவணம். படம் ஒன்றே வழக்கை வென்றுவிடும் என்று நாம் சொல்லவில்லை. பழைய வரைபடம், ஊராட்சிக் குறிப்பு, முதியோர் வாக்குமூலம் ஆகியவற்றோடு சேர்ந்து நின்றால், “நேற்று வந்து ஆக்கிரமித்தவர்கள்” என்ற சொல்லை எவரும் எளிதிலே உச்சரிக்க இயலாது.

இளைஞர் செய்யவேண்டியது

தோழர்களே! பழம்பெருமை பேசுவது எளிது. பழம்படத்தின் பின்பக்கத்திலே நான்கு வரி நேர்மையாக எழுதுவது அரிது. அந்த அரிய பணியைச் செய்வோம். எந்த இடம்? எந்தக் காலம்? எதைக்கொண்டு கண்டோம்? எவ்வளவு உறுதி? இந்நான்கையும் எழுதுங்கள். உறுதியானதை உறுதி என்று எழுதுங்கள். ஏற்கத்தக்கதை ஏற்கத்தக்கது என்று எழுதுங்கள். ஐயத்தை ஐயம் என்றே எழுதுங்கள். நாளை வருபவன் திருத்த இடம் வையுங்கள். திருத்த இடமில்லாத எழுத்து வேதமாகிவிடும். நமக்கு வேதம் வேண்டாம், ஆவணம் வேண்டும்.

மற்றொன்று. இன்று கையிலே படப்பெட்டி இல்லாத இளைஞன் இல்லை. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் படம் பிடிக்கிறோம். கரைக்குச் சென்று கதிரவன் எழுவதைப் பிடிக்கிறோம். அதன்முன்னே நிழலாக நிற்கும் மீனவனையும் பிடிக்கிறோம். அந்தப் படத்துக்கு என்ன பெயர் எழுதுகிறோம்? “மெரினாவில் ஒரு காலை” என்றா? அப்படியானால் அந்த வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் வேறுபாடு என்ன? குப்பத்தின் பெயரை எழுதுங்கள், நாளை எழுதுங்கள், அந்த மனிதன் இசைந்தால் அவன் பெயரையும் கேட்டு எழுதுங்கள், படத்தின் ஒரு படியை அவன் கையிலே கொடுங்கள்.

மீண்டும் அந்தப் படத்தைப் பாருங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறானே, அந்தச் சிறுவன்! நிழல் கரையை நோக்கி விழுகிறது என்றால், காலைக் கதிரவனையோ கடலையோ முகத்துக்கு நேரே கொண்டு நிற்கிறான் என்று இப்போது நமக்குத் தெரியும். பின்னே கூர்மாடம் தெரிந்தால் அவன் நின்ற ஆண்டுகளின் எல்லை தெரியும். கோடுகள் வெட்டினால் அவன் நின்ற மணல் தெரியும். அவன் பெயரை நாம் இனி அறிய முடியாமற் போகலாம். அவன் ஊரின் பெயரை அறிய முடியும். அதை எழுதாமல் விட்டால், முதலில் எழுதாமல் விட்டவன் குற்றத்திலே நமக்கும் பங்கு உண்டு.

கரைக்குப் பெயர் உண்டு. சான்று காட்டி, அதைச் சொல்லுவோம்!